புதினா மூடிய ரோஜா

ஒரு பரிசுக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதைகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு குற்றத்தை மூன்று பேர் எனக்கு, எனக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்ட கதை. அவசரப்படாமல் கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஏற்காட்டில் லூர்து மேரி என்று ஒரு விதவை. அவள் கணவர் பாக்கியநாதன் நர்சரியில் ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தவர். இடிக்கப்போகும் ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தில், கருஞ்சிவப்பு இதழும் வெளுத்த ஓரமுமாக ஒரு ரோஜாவைக் கண்டார். அதன் கிளையிலிருந்து ஒரு கணுவைச் சீவி எடுத்துவந்து, வீட்டு வாசலில் இருந்த காட்டு ரோஜாவின் தண்டில் ஒட்டினார். பிடித்துக்கொண்டது. பங்களாவும் தோட்டமும் போன பிறகு, அந்த நிறத்துப் பூ அந்த மலையில் வேறெங்கும் இல்லை. மறு வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

தொழிலைப் பற்றி மனைவிக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது காட்டுச் செடி. அதன் காம்புக்கு ஏழு இலை இருக்கும். நம் ரோஜாவுக்கு ஐந்துதான். ஏழு இலையைக் கண்டால் அன்றைக்கே கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் மேலே போகிற சத்தையெல்லாம் அதுவே குடித்து, ரோஜாவைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும்.

மஸ்கட்டில் இருக்கும் மகள் ஜெசிந்தா, மூன்று வருடமாக அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க தனியாக் கெடந்து என்னம்மா பண்ற? இங்கயே வந்து இருந்துடேன்."

"அப்பா வச்ச செடிய விட்டுட்டா?"

கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. கடைசியில் மகளுக்குப் பிரசவம் வந்தது. ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள் லூர்து மேரி. செடியைப் பக்கத்து வீட்டில் இருந்த கொழுந்தன் சவரிமுத்துவிடம் ஒப்படைத்தாள்.

"வெயில்ல அடிமண்ணு வெடிக்குது. மழையில சேறு தெறிச்சு எலையெல்லாம் புள்ளி விழுது. சுத்தி எதையாச்சும் படர விடு தம்பி. எதுன்னு நீயே பாத்துக்க."

ஏழு இலையைப் பற்றிப் பேச்சு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எதைப் படரவிடுவது என்று சவரிமுத்துவும் அவன் மனைவி தெரசாவும் ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். வல்லாரை என்றான் அவன். அதற்கு எந்நேரமும் ஈரம் வேண்டும், ரோஜா வேர் அழுகிப்போகும் என்றாள் அவள். பத்துமணிப்பூ என்றாள் அவள். நம்ம ஊர் மூட்டத்தில் பத்து மணிக்கு எங்கே வெயில் அடிக்கிறது என்றான் அவன். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது புதினா. காலடி குளிர்ச்சியாக இருக்கும், களை வராது, பிரியாணிக்கும் ஆகும். அண்ணன் வைத்த செடி என்ற பக்தியில், ஒரு விரல்கடை மண்கூட விடாமல் தண்டைச் சுற்றி நெருக்கி நட்டான் சவரிமுத்து. தெரசா ஒருநாள் தவறாமல் தண்ணீர் விட்டாள். இரண்டே மாதத்தில் புதினா முழங்கால் உயரத்துக்கு எழும்பி, ஒட்டுப் போட்ட இடத்தை மூடிவிட்டது.

அதற்குள்ளிருந்து புதுக் கிளைகள் விறுவிறுவென்று கிளம்பின. கணவனுக்கும் மனைவிக்கும் தலைகால் புரியவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் தெரசா போனில் படம் பிடித்து மஸ்கட்டுக்கு அனுப்புவாள். லூர்து மேரி அதை விரலால் பெரிதாக்கி, இலை இலையாகப் பார்ப்பாள். தவறாமல் பதிலும் போடுவாள்: "நல்லா வளருது. சந்தோசம்."

வருடம் முடிந்து அவள் ஊர் வந்தபோது செடி ஆளுயரம் நின்றது. அதில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது காட்டு ரோஜாவின் பொடி வெள்ளைப் பூ. புதினாவை விலக்கிப் பார்த்தார்கள். ஒட்டுக்கு மேலே பாக்கியநாதனின் ரோஜா பட்டுப்போய்க் குச்சியாக நின்றது. என்ன நடந்தது என்று அப்போதுதான் லூர்து மேரி அவர்களுக்கு விளக்கினாள்.

சவரிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "என் தப்பு அண்ணி. தண்டு தெரியாத அளவுக்கு நட்டது நான்தான்."

"நட்டதோட அவரு போயிட்டாரு. தெனம் புதினா கிள்ளுனது என் கை. ஒருநாள், ஒரே ஒருநாள் அடியில வெலக்கிப் பாத்திருக்கலாமேக்கா," என்று அழுதாள் தெரசா.

லூர்து மேரி தெரசாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, "உங்க மேல ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது," என்றாள். என்ன பெரிய மனசு என்று தெரசா இன்னும் அதிகமாக அழுதாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூன்று பேரும் குற்றத்தைத் தங்கள்மேல் போட்டுக்கொண்டார்கள். இதில் யார் சொன்னது உண்மை?

விடை: நட்டவனுக்கும் தண்ணீர் ஊற்றியவளுக்கும் ஏழு இலைக் கணக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். ஒன்பதாவது ஞாயிறு வந்த படத்தைப் பெரிதாக்கி அவள் எண்ணினாள். ஏழு. மறுபடியும் எண்ணினாள். ஏழுதான். கிள்ளிவிடு என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் ரோஜா பிழைத்திருக்கும். மடியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் போக இனிக் காரணம் இருக்காது என்று அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் "சந்தோசம்" என்று பதில் போட்டாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், லூர்து மேரி நான்தான். தப்பு என்னுடையது என்று சொன்னேனே தவிர, என்ன தப்பு என்று இன்றுவரை சொல்லவில்லை. சவரிமுத்து வீட்டில் இப்போது புதினாவே வாங்குவதில்லையாம். போன ஞாயிறும் தெரசா போனில், "இன்னும் மனசுல வச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இங்கே மஸ்கட்டில் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான்.