ஞாயிறன்று சொன்ன தீர்ப்பு

கிறிஸ்தவர்கள் இன்னும் வீடுகளில் கூடி வழிபட்ட காலம். சீரியாக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். அந்தச் சபையின் தலைவரான ஆயர், மரினோஸ். அவருடைய சீடர் கிளியோன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், ஆளுநரின் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்துவிட்டு வந்தவர். சபைச் சட்டம் முழுவதும் அவருக்கு நாக்கு நுனியில். அடக்கம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சபையில் ஒரு விதி உண்டு. வழக்கைத் திங்கட்கிழமைதான் விசாரிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஞாயிறு பலி வழிபாட்டுக்குள் கோபம் ஆறிச் சமாதானம் ஆக நாள் கிடைக்கும். இரண்டு தரப்பும் நேருக்கு நேர் நிற்கவும் வேண்டும்.

மருத்துவச்சி அம்மியாவுக்கு மட்டும் அந்தத் திங்கட்கிழமை கிடைக்கவில்லை. எண்ணெய் வியாபாரி பசிலியன் ஒரு சனிக்கிழமை ஓடிவந்தான். "சிலை கும்பிடுகிற வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள், அந்தச் சிலைக்குச் சாம்பிராணி போட்டாள்" என்று குதித்தான். மறுநாள் ஞாயிறு காலையிலேயே ஆயர் அவளைச் சபைக்கு வெளியே நிறுத்திவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து, பாவத்துக்குப் பரிகாரம் செய்பவர்களோடு அவளும் வாசலில் நின்றாள். சபையார் வீட்டுப் பிரசவத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஐந்து வாரம் கழித்து, அந்த வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணே குழந்தையோடு வந்து ஆயர் முன்னால் நின்றாள்.

"சாம்பிராணி போட்டது என் மாமியார். இந்தம்மாவின் இரண்டு கையிலும் என் பிள்ளையின் தலை இருந்தது. மூன்றாவது கையாலா போட்டாள்? இதைக்கூடக் கேட்க இங்கே ஆளில்லையா?"

அவள் போன பிறகு கிளியோனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மியாவை மன்னித்துவிட்டேன் என்று அறிவித்துவிடுங்கள், சாமி. அவளும் உள்ளே வந்துவிடுவாள், உங்கள் பேரும் கெடாது."

"செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பா?"

"தீர்ப்பு தப்பு என்று நீங்களே சொன்னால், நாளைக்கு உங்கள் பேச்சை எவன் மதிப்பான்?"

"பொய்ப் புகார் சொன்னவனுக்கு என்ன விதி?"

"மூன்று வாரம் வெளியே நிற்க வேண்டும்."

"ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவனுக்கு?"

கிளியோனுக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை.

"பொய்யன் குற்றத்தில் அவனுக்கும் சரிபங்கு" என்று இழுத்தார். உடனே சுதாரித்துக்கொண்டார். "அது மற்றவர்களுக்கு, சாமி. ஆயரை யார் தண்டிப்பது? அக்கம்பக்கத்து ஊர் ஆயர்கள் ஒன்றுகூடி விசாரிக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது."

"ம்" என்றார் மரினோஸ்.

திங்கட்கிழமை பசிலியனை அம்மியாவுக்கு எதிரே நிறுத்தி விசாரித்தார். "யாரோ சொன்னார்கள், நான் சொன்னேன்" என்று மென்று விழுங்கினான். ஆயர் அவனை மூன்று வாரம் வெளியே நிற்கச் சொன்னார்.

ஞாயிறு வந்தது. ஆயர் எழுந்து நேராக வாசலுக்குப் போய் அம்மியாவின் கையைப் பிடித்தார்.

அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "எனக்கு நடக்கத் தெரியும், சாமி."

"தெரியும், அம்மா. ஆனால் வெளியே அனுப்பியவன்தான் உள்ளே கூட்டிவர வேண்டும்."

சற்று நின்றாள். பிறகு கையைக் கொடுத்தாள். அவளை நடுச்சபைக்கு அழைத்துவந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மரினோஸ் சொன்னார்:

"இந்தம்மா குற்றம் எதுவும் செய்யவில்லை. நான் இவளைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னேன்."

பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். சபையின் மூத்த குருவிடம், "மூன்று வாரத்துக்குப் பலியை நீங்கள் நடத்துங்கள்" என்று சொல்லிவிட்டு, ஆயர் திரும்பி நடந்தார். வாசலைத் தாண்டினார். பசிலியனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பசிலியன் தலையைத் தொங்கப்போட்டான்.

கிளியோன் ஓடிவந்தார். "என்ன சாமி இது! உங்களை வெளியே நிறுத்தும் அதிகாரம் இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது?"

"ஒரே ஒருவருக்குத்தான்" என்றார் மரினோஸ். "ஆயருக்கு."