பொன்னையன் விட்டுப்போன தேவாங்கு

கரட்டு மலை அடிவாரத்தில் கொல்லாமையை நோன்பாகக் கொண்ட ஒரு மடம் இருந்தது. அந்த நோன்பை யாராவது முழுசாகக் கடைப்பிடித்தார்கள் என்றால் அது மாசிலாமணிதான்.

மடத்துச் சமையல் அவர் பொறுப்பு. வயது ஐம்பத்தெட்டு. சாயங்காலப் பூசை முடிந்ததும் மறுநாளுக்கான பருப்பை முறத்தில் பரப்பிக்கொண்டு உட்காருவார். பருப்புக்குள் ஊரும் வண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு பூவரச இலையில் ஏற்றி, வேப்ப மரத்தடியில் கொண்டுபோய் விடுவார். ஒரு வண்டுக்குக் கால் ஒடிந்தாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஆனாலும் வெளியூர் ஆட்கள் வந்தால் அவரைத்தான் காட்டினார்கள்.

அவருக்குக் கூடமாட வேலை செய்தவன் பொன்னையன். காட்டு ஓரத்து ஊர்க்காரன், பேச்சு குறைவு. பன்னிரண்டு வருடம் இருவரும் ஒரே அடுப்பில் வெந்தார்கள். அத்தனை வருடமும் மாசிலாமணி அவனுக்குப் பாடம் நடத்தினார். விறகைத் தட்டிப் பார்த்தாயா, தண்ணீரை வடிகட்டினாயா, உலைக்குள் எறும்பு விழுந்ததா. அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் அவனைக் கிளை மடத்துக்கு அனுப்பினார்கள்.

கரட்டு மலை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் தம் கையில் இருப்பதைக் கூட வேலை செய்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாங்குகிறவர் கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்ட வேண்டும். வாங்கியதைத் திருப்பக் கூடாது, இன்னொருவர் தலையில் கட்டவும் கூடாது. சாதாரணமாக ஒரு குடையோ கம்பளியோ வரும். பொன்னையனிடம் நல்ல கம்பளி ஒன்று இருந்தது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் நினைத்தார்.

சூடாக ஏதோ ஒன்று அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்தார். முகம் முழுக்கக் கண்ணாக ஒரு தேவாங்கு. இடது கையில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது.

"என்னப்பா இது?"

"மந்திரக்காரன் ஒருத்தன் சந்தைக்குக் கொண்டுக்கிட்டுப் போனான், அண்ணே. கெஞ்சி வாங்கி என் அறையில வச்சிருந்தேன். கையை ஒடிச்சிட்டான் பாவி. எலும்பு கூடுனதும் வேலியில விட்டுருங்க. அதுவரைக்கும் மரம் ஏறாது."

"இதுக்கு என்ன போடுறது?"

பொன்னையன் கொஞ்சம் தயங்கினான். "அது எந்தப் பக்கம் கை நீட்டுதோ, அதைப் பாருங்கண்ணே. தெரியும்."

அவ்வளவுதான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பன்னிரண்டு வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பழி தீர்த்துவிட்டுப் போகிறான் என்றுதான் மாசிலாமணி நினைத்தார். ஆனாலும் வந்த உயிரை விட முடியுமா? சமையல்கட்டு மூலையில் ஒரு கூடையில் பழந்துணி விரித்தார். பால் வைத்தார், வாழைப்பழம் வைத்தார், நெய் விட்ட பொங்கல் வைத்தார். தேவாங்கு பாலை இரண்டு நக்கு நக்கியது. பழத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பகலெல்லாம் சுருண்டு தூங்கியது. பொழுது சாய்ந்ததும் எழுந்து அவரையே பார்த்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். பூவரச இலையில் ஏழெட்டு வண்டுகள் ஊர்ந்தன. கூடைக்குள்ளிருந்து குச்சிபோல ஒரு கை இலையை நோக்கி நீண்டது.

மாசிலாமணி இலையைத் தள்ளி வைத்தார். கை இன்னும் நீண்டது. சிம்பு வைத்த கையையும் ஊன்றி, கூடை விளிம்பு வரை வந்து நீட்டியது.

"சீச்சீ. இங்கே அதெல்லாம் கூடாது," என்று பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாளிலிருந்து முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கூடை தெரியாது.

ஒரு வாரத்தில் தேவாங்கு வெகு சாதுவாகிவிட்டது. அசையாமல் உட்கார்ந்தே இருந்தது. வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மடத்துக் காற்று பட்டதும் காட்டு மிருகம்கூடத் தவம் செய்கிறது என்றார்கள். மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. சைவமாக்கிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

விறகு கொண்டுவரும் இருளாயி கூடையை எட்டிப் பார்த்தாள். கையை விட்டு அதன் விலாவைத் தடவினாள்.

"தவமா? இது பட்டினி, சாமி."

"பாலும் பழமும் வைக்கிறேனே."

"இது பழந்தின்னு வளருற உசுரில்ல. வெட்டுக்கிளி, கரையான், வண்டு, இதுதான் இதுக்குச் சோறு. பொன்னையன் அண்ணன் அந்திக்கு அந்திக்குச் செரட்டையைத் தூக்கிட்டு எங்க போனாருன்னு நெனச்சீக?"

மாசிலாமணி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்கிட்டக் குடுங்க. நாலு நாள்ல தேத்திக் கொண்டாறேன்."

"வாங்கினதை அடுத்தவங்க கையில கொடுக்கக் கூடாது தாயி. அது எங்க வழக்கம்."

"அப்ப நானே புடிச்சாந்து போடுறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."

"மடத்து மதிலுக்குள்ள அது நடக்காது."

இருளாயி எழுந்தாள். விறகைப் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் அம்மையிடம் போனார். மடத்துத் தலைமை அப்போது உலகம்மை அம்மையிடம் இருந்தது. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஏட்டுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"அந்தத் தேவாங்குக்குப் பூச்சி போடலாமா?"

அம்மை நிமிரவில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"போட்டா நோன்பு போகுது. போடலைன்னா..." அவர் நிறுத்திவிட்டார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போடுறேன்."

"நான் சொன்னா அந்தப் பாவம் யாருக்கு?"

மாசிலாமணி மேல்துண்டின் நுனியைத் திருகினார்.

"உங்களுக்கு வேண்டியது பதிலா, பாவத்துக்கு ஒரு பங்காளியா?"

அவருக்குச் சுருக்கென்றது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அம்மை ஏட்டைப் புரட்டினார். போகிறவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், கூப்பிட வாயெடுத்தார், கூப்பிடவில்லை.

மாசிலாமணி அதைக் கூடாது என்பதாகவே எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வது அவருக்கு வசதியாகவும் இருந்தது. பாலில் கொஞ்சம் தேன் கலந்து வைத்தார். பாதாம் அரைத்து ஊற்றினார். மூன்று நாள் கூடைக்குப் பக்கத்திலேயே படுத்தார். தேவாங்கு அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் பிடித்த பிடியில் பாதிகூட இல்லை.

பதினாறாம் நாள் காலை அது சுருண்டபடியே இருந்தது. தூங்குகிறது என்று நினைத்தார். மதியம் தொட்டுப் பார்த்தபோது விறைத்திருந்தது.

சிம்பை அவிழ்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கையை மெதுவாக நீட்டி, மடக்கிப் பார்த்தார். எலும்பு சுத்தமாகக் கூடியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு அழுகை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல, சமையல்கட்டென்றும் பாராமல், வாய்விட்டு அழுதார்.

வேலி ஓரத்தில் குழியை அம்மையே வெட்டினார். மண்வெட்டி இரண்டாம் முறை இறங்கும்போது மாசிலாமணி பழக்க தோஷத்தில் சொன்னார்:

"பார்த்தும்மா, எறும்பு."

அம்மையின் கை அந்தரத்தில் நின்றது. மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மண்வெட்டி இறங்கியது.

அடுத்த வாரம் கிளை மடத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. மாசிலாமணி அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அம்மையிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"நீங்களே வாசிங்க ஐயா."

அவர் வாசித்தார்.

"அண்ணனுக்குக் கும்பிடு. கை கூடியிருக்கும். வேலியில் விட்டீர்களா? நான் அதற்குப் பூச்சி பிடித்துப் போட்டேன். அம்மையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். எனக்கு இந்த மாற்றல் அதற்குத்தான். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். யாரிடம் விடப்போகிறாய் என்று அம்மை கேட்டார்கள். அண்ணனிடம் என்றேன். ஒரு வண்டு சாகப் பொறுக்காத கை, இதை மட்டும் சாக விடுமா என்றேன். பழம் பால் கொடுத்து ஏமாற்ற முடியாது, உங்களுக்கே தெரிந்திருக்கும். நல்ல சேதி எழுதுங்கள்."

மாசிலாமணி அட்டையை மடித்தார். விரித்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அம்மா?"

"தெரியும்."

"அது என்ன தின்னும்னும்?"

"தெரியும்."

வெளியே யாரோ முற்றம் பெருக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஒரு உயிரையும் கொல்லலை அம்மா," என்றார் மாசிலாமணி. சொல்லும்போதே அந்த வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. "அவனுக்கு நான் என்னன்னு எழுதுறது?"

உலகம்மை மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மடத்துல ஒரு பூச்சிகூடச் சாகலைன்னு எழுதுங்க. கீழே என் பேரையும் போடுங்க."