சிவக்க மறுத்த ஆரத்தி

முன்னொரு வைகாசியில், விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டு அடுப்படியில், மஞ்சளும் சுண்ணாம்பும் மல்லுக்கு நின்றன.

வாசலில் அந்த வீட்டுப் பையன் முகிலன் புதுப்பெண்டாட்டியோடு நின்றுகொண்டிருந்தான். பெண் பெயர் சுதேஷ்ணா. வங்காளத்துப் பெண். அவள் ஊரில் கல்யாணத்தை முடித்துவிட்டு, ரயிலேறி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். ஆரத்தி சுற்றாமல் உள்ளே வர முடியாது. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

முகிலனின் அம்மா பேச்சியம்மாள் அந்தக் கல்யாணத்துக்கு அரைமனதாகத் தலையாட்டியவள். முழங்கால் வலி என்று சொல்லி வங்காளத்துக்கே போகவில்லை. இப்போது நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்தப் புள்ளைக்கு நம்ம ஆரத்தி எப்படிச் சிவக்குதுன்னு பார்ப்போம். அதுக்கப்புறம் பேசிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே முகிலனின் அத்தை வெள்ளத்தாயி பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளைப் போட்டாள். சிட்டிகை சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டு விரலால் கலக்கினாள். இரண்டும் சேர்ந்தால் செக்கச்செவேலென்று ஆக வேண்டும். ஆகவில்லை. சுண்ணாம்பு இறுகிய கட்டியாக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்ன, கரைய மனசில்லையோ?" என்றது மஞ்சள்.

"நீ பேசாதே. தாலிக்கயிற்றில் நீ, குழம்பில் நீ, குளிக்கிற பெண்கள் கன்னத்தில் நீ. என்னை வெற்றிலையில் தடவி, மென்று, மூலையில் துப்புகிறார்கள்."

"கொஞ்சம் கூடிப்போனால் வாயை வேகவைக்கிறாயே, துப்பாமல் என்ன செய்வார்கள்?"

"சரி, அது கிடக்கட்டும். ஆரத்தியிலே என்ன கண்டோம்? வந்தவர்களை எல்லாம் உள்ளே அனுப்பிவிட்டு நாம் தெருவுக்குப் போகிறோம். போன கல்யாணத்தில் என் மேல் தண்ணி லாரி ஏறிப் போனது. உன் மேலும்தான். நீ மறந்துவிட்டாய்."

மஞ்சள் மறக்கவில்லை.

பித்தளைத் தட்டு குறுக்கே வந்தது. "அப்படி என்னதான் வேணும் உனக்கு?"

"வருகிறவர்களோடு சேர்ந்து நானும் உள்ளே போக வேண்டும். கூடத்திலே ஒரு நாளாவது தங்க வேண்டும்."

"திருஷ்டி கழித்த தண்ணியை வீட்டுக்குள்ளே விடுவார்களா? நடக்கிற காரியமாகக் கேள்."

"இதுதான் கேட்பேன்."

"வாசல் கோலம் வரைக்கும்?"

"கூடம்."

"போனால் போகிறது, நிலைப்படி வரைக்கும்?"

"கூடத்துக்குக் கீழே பேச்சே கிடையாது. கட்டாது என்றால் விடு. கட்டியாகவே கிடக்கிறேன்."

வெளியே பேச்சியம்மாளின் குரல் கேட்டது. "என்ன மதினி, இன்னும் சிவக்கலையா?" அந்தக் குரலில் கவலையைவிட ருசி கூடுதலாக இருந்தது.

"உப்புத் தண்ணி, பேச்சி. மெதுவாத்தான் சிவக்கும்" என்று வெள்ளத்தாயி சமாளித்தாள். விரல் வலிக்கக் கலக்கினாள்.

தட்டு குரலைத் தணித்துக்கொண்டது. "இங்கிருந்து வாசல் நேராகத் தெரிகிறது. அந்தப் பெண்ணைப் பார்த்தாயா? முந்தானையைத் திருகித் திருகிக் கசக்கிவிட்டாள். நம் பேச்சு தெரியாது. எதற்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. உள்ளே வர ஆசையாகத்தான் வந்திருக்கிறாள். வா என்று சொல்லத்தான் ஆளில்லை. நீ கரையாவிட்டால் இந்தப் பேச்சியம்மாள் அதையே ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்."

சுண்ணாம்புக் கட்டி அடியில் ஒருமுறை புரண்டது.

"அவளும் வெளியேதான் நிற்கிறாளா?" என்றது.

"அவளும்தான்."

"நான் போகாவிட்டால் போகிறது. அவளாவது போகட்டும். மஞ்சளே, கொஞ்சம் நகர்ந்து இடம் விடு."

கட்டி உடைந்தது. மஞ்சள் அதை வாரி அணைத்துக்கொண்டது. தட்டு முழுக்கச் செம்பருத்திப் பூ அரைத்தது போலச் சிவந்தது.

வெள்ளத்தாயி ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தாள். "பார்த்துக்கோ பேச்சி, எப்படிச் சிவந்திருக்குன்னு." அப்போதுதான் சூடம் எடுத்து வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. தட்டைப் பெண்ணின் காலடியில் தரையில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

சுதேஷ்ணா தட்டைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். முதலில் ஒரு காலையும் பிறகு மறு காலையும் ஆரத்திக்குள் வைத்து நின்றாள்.

வாசலில் நாயனக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"ஆரத்தியைப் போய் மிதிச்சிட்டாளே" என்றாள் பேச்சியம்மாள்.

முகிலனுக்கு நாக்கு குழறியது. "அம்மா, அவங்க ஊர்ல பால்ல செம்பஞ்சுக் குழம்பைக் கலந்து தட்டுல வைப்பாங்கம்மா. மருமக அதுல கால் வெச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள நடக்கணும். சிவப்பா இருந்ததும் அதுதான்னு நினைச்சுட்டா. தப்பா எடுத்துக்காத."

சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்ததுமே சுதேஷ்ணாவுக்கு விஷயம் புரிந்தது. கண் கலங்கியது. காலை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டுக்குள்ளேயே நின்றாள்.

சூடத்தோடு திரும்பி வந்த வெள்ளத்தாயி நிலைமையை ஒரு பார்வையில் அளந்துவிட்டாள்.

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? சுத்துனாத்தானே பேச்சி அது ஆரத்தி. இன்னும் சுத்தலையே. திருஷ்டியும் ஏறல ஒண்ணும் ஏறல. இது சும்மா மங்கலத் தண்ணி. நான் இன்னொரு தட்டு கரைச்சுட்டு வாரேன். புள்ள இதுல நிக்கட்டும், அதைச் சுத்துவோம். அவ வழக்கமும் ஆச்சு, நம்ம வழக்கமும் ஆச்சு."

"வீடெல்லாம் சிவப்புச் சிவப்பாக் காலடி விழுமே மதினி."

"கிருஷ்ண ஜெயந்திக்கு வருசா வருசம் குனிஞ்சு குனிஞ்சு மாவுல பாதம் போடுற. முழங்கால் வலின்னு அழுற. இது தானா நடந்து வந்து போடுது, வேண்டாங்கிற."

நாயனக்காரர் சிரித்துவிட்டார். பேச்சியம்மாளுக்கும் உதட்டோரம் துடித்தது, அடக்கிக்கொண்டாள். தட்டையே உற்றுப் பார்த்தாள்.

"எந்தக் காலை முதல்ல வெச்சா?"

"வலது கால்" என்றார் நாயனக்காரர். "நான் பார்த்தேன்."

"வலது காலா?"

"வலது காலேதான்."

"அப்ப சரி" என்றாள் பேச்சியம்மாள். கட்டியிருந்த கையை அவிழ்த்து மருமகளிடம் நீட்டினாள். "வழுக்கும். பிடிச்சுக்கோ தாயி."

இரண்டாவது ஆரத்தி மறுபேச்சில்லாமல் சிவந்தது. சுற்றினார்கள், நெற்றியில் இட்டார்கள், தெருவில் கொட்டினார்கள். நாயனம் பிய்த்து உதறியது. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு மருமகள் கூடத்துக்குள் நடந்தாள். அவள் வைத்த அடியெல்லாம் சிவப்பு.

"உள்ளே எப்படி இருக்கிறது?" என்று தெருவிலிருந்து கத்திக் கேட்டது இரண்டாவது ஆரத்தி.

"பிரமாதமில்லை" என்றது கூடத்துத் தரையில் கிடந்த சுண்ணாம்பு. "ஒரு சோபா, ஒரு டிவி, ஒரு நாட்காட்டி. இதற்கா இவ்வளவு நாள் ஏங்கினேன் என்று இருக்கிறது."

"அப்படியென்றால் வெளியே வந்துவிடேன்" என்று தெருவில் கிடந்த மஞ்சள் சீண்டியது.

"வருவேன், வருவேன். நீ வேலையைப் பார்."

மறுநாள் வீடு துடைக்க வந்த பெண் வாளியும் துணியுமாகக் கூடத்தில் குனிந்தாள். பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏய், காலடி மேல துணி படக் கூடாது. சுத்திச் சுத்தித் துடை."