மோதாத தங்கம்

"எல்லாம் பொருந்துது மேடம். அப்புறம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

நல்லசிவம் இப்படிக் கேட்டது தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரிடம். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, நாற்பத்தொரு வயதில் பேராசிரியர் நூருன்னிசாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் அவர். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போக வேண்டியதுதான்.

இரண்டு தங்க அணுக்கருக்களைக் கணினிக்குள் மோதவிடுவது அவர் வேலை. கருவுக்குள் இருக்கும் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று ஒரு கணக்கு எழுதியிருந்தார். அங்கே கொஞ்சம் ஏற்றி, இங்கே கொஞ்சம் இறக்கி, சிதறும் துண்டுகளின் எண்ணிக்கையை உண்மையான சோதனையோடு ஒத்துப்போக வைத்துவிட்டார்.

கையெழுத்துக்காக அவர் நீட்டிய முடிவுத் தாளை நூருன்னிசா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார்."

"அப்பப் போடுங்களேன்."

"ஒரு கருவை எடுத்துருங்க."

"எதை?"

"ரெண்டுல ஒண்ணை."

"எடுத்துட்டா, மிச்சது எதோட மோதும்?"

"மோத வேண்டாம். சும்மா இருக்கட்டும். மோதலை எவ்வளவு நேரம் ஓட்டுனீங்களோ, அதே நேரம்."

"சும்மா இருக்கிறதைப் பார்க்கவா கம்ப்யூட்டர்? எங்க ஸ்டாஃப் ரூமுக்கு வாங்க மேடம், நாலு பேரைக் காட்டுறேன்."

நூருன்னிசா சிரித்தார். பேனாவை மட்டும் தொடவில்லை.

நல்லசிவத்துக்கு எரிச்சல்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு கருவைத் தனியாக விட்டுப் பார்த்ததில்லை. பிறந்ததும் பிறக்காததுமாக மோதவிட்டே பழக்கம்.

ஓட்டினார்.

திரையில் ஒரு தங்கக் கருவின் நூற்றுத் தொண்ணூற்றேழு துகள்களும் புள்ளிகளாக, உருண்டையாகச் சேர்ந்து நின்றன.

"பாத்தீங்களா, கல்லு மாதிரி நிக்குது!"

ஓரத்தில் ஒரு புள்ளி அசைந்தது. மெல்ல விலகி, திரையைத் தாண்டிப் போயிற்று.

பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்று, ஒட்டிக்கொண்டே.

நல்லசிவம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெயிலில் வைத்த ஈரமணல் உருண்டைபோல் அது உதிர்ந்துகொண்டிருந்தது.

"யாரும் தொடலையே மேடம்."

"ஆமா சார். யாரும் தொடலை."

நல்லசிவம் உதிர்ந்தவற்றை விரல் விட்டு எண்ணினார். முப்பத்தொன்று. மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தார். இப்படித் தானாக உதிர்ந்தவற்றையும் சேர்த்துத்தான் அதில் 'மோதலில் தெறித்த துண்டுகள்' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

நூருன்னிசா பேனா மூடியைக் கழற்றினார்.

"குடுங்க, போட்டுடறேன். வெள்ளிக்கிழமைதானே கடைசி?"

நல்லசிவத்தின் போன் அடித்தது. அவர் மனைவி.

"என்னங்க, கையெழுத்துப் போட்டாங்களா?"

"பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"அப்புறம் என்ன?"

"நான்தான் தாளைக் குடுக்கலை."