புகாரே இல்லாத பள்ளிக்கூடம்

ஒரு காட்டில், ஓடைக்கரை ஆலமரத்தடியில், குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடந்தது, பிள்ளைகளே. அதன் தலைமை ஆசிரியர் மயில்.

"எளிய குட்டியை வலிய குட்டி துன்புறுத்தக் கூடாது" என்று காட்டு அரசு சட்டம் போட்டது. ஒவ்வொரு பள்ளியும் அதற்கு விதி வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. மயிலும் வகுத்தார்: "அடிபட்டவரே வர வேண்டும். அடித்தவர் முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் புகார்."

அன்று முதல் அந்தப் பள்ளியில் ஒரு புகாரும் இல்லை. எப்படி இருக்கும்? அங்கே படித்த சருகுமான் குட்டி முயலளவுதான் இருக்கும். பயந்துவிட்டால் குரலே வராது. நின்ற இடத்திலேயே உறைந்துபோகும். காட்டுப்பன்றிக் குட்டிக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் சருகுமானை முட்டிச் சேற்றில் தள்ளிவிட்டுச் சிரிக்கும்.

அணில் குட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கப் பயம். அதுவும் அதே ஓடையில்தானே தண்ணீர் குடிக்க வேண்டும்!

ஒருநாள் பள்ளியைப் பார்வையிட அதிகாரி யானை வந்தார். குட்டிகள் வரிசையில் நின்றன. பன்றி நைசாகச் சருகுமானின் பின்னால் போய் நின்றுகொண்டு உறுமியது.

"அதிகாரி போகட்டும்டா. சாயங்காலம் உனக்குப் புதைசேறுதான்."

பக்கத்தில் நின்ற அணிலுக்கு அது கேட்டுவிட்டது. ஓடை வளைவில் இருந்த அந்தப் புதைசேறு ஒரு எருமைக் கன்றையே விழுங்கியிருக்கிறது.

"யாருக்காவது புகார் உண்டா?" என்று கேட்டார் யானை.

சருகுமானின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பார்த்தீர்களா ஐயா? இங்கே புகார் என்ற பேச்சுக்கே இடமில்லை!" என்று மயில் பூரித்துப்போனார்.

யானை தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அணில் வரிசையை விட்டு முன்னால் ஓடியது. இப்போது விட்டால் நாளைக்குச் சருகுமான் இருக்காது.

"ஐயா, நில்லுங்கள்! சருகுமானைப் பன்றி தினமும் சேற்றில் தள்ளுகிறான். இன்றைக்குப் புதைசேற்றில் தள்ளப் போகிறான்!"

பன்றி அணிலை முறைத்தது. மயிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீயா அடிபட்டாய்? இல்லையே! அடிபட்டவர் வந்து சொன்னால்தான் புகார். அதுதான் விதி. வாயை மூடு!"

ஆனாலும் அணில் விடவில்லை.

"ஆலமரம் தீப்பிடித்தால், மரமே வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பீர்களா ஐயா?"

யானை நின்று திரும்பிப் பார்த்தார்.

"நானும் பார்த்தேன்" என்றது வரிசையில் நின்ற கீரிக் குட்டி. "நானும்தான்" என்றது முயல் குட்டி.

யானை மயிலிடம் வந்தார். "இனி யார் பார்த்தாலும் சொல்லலாம். தனியாக வந்தும் சொல்லலாம். கேட்ட அன்றைக்கே நீங்கள் விசாரிக்க வேண்டும். பன்றியின் பெற்றோரை உடனே வரச் சொல்லுங்கள். குட்டிகள் தண்ணீர் குடிக்கும்போது நீங்கள் ஓடையில் நின்று காவல் காக்க வேண்டும்."

"அந்தச் சேற்றிலா ஐயா?"

"அந்தச் சேற்றில்தான்."

அன்று சாயங்காலம் மயில் முழங்கால் சேற்றில் காவல் நிற்க, சருகுமான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

நீதி: துன்பப்படுபவரே வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கும் சட்டம், துன்புறுத்துபவருக்கே துணை போகும்; கண்டவர் சொல்ல வேண்டும்.