முத்திரையைக் கேட்டவர்

வார்சாவில் எழுத்தராகச் சேர்ந்து, தேர்தலில் இரண்டு முறை தோற்று, ஒருமுறை ஜெயித்து, கடைசியில் ஒரு சின்ன அயல்நாட்டுக்குப் போலந்தின் தூதராகப் போனவர் ஸெனோன் கிராபெட்ஸ். அவர் பதவியேற்ற வருஷமே ஜெர்மனியும் ரஷ்யாவும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. தூதரக வராந்தாவில் பாஸ்போர்ட் கேட்டு அகதிகள் குவிந்தார்கள்.

ஒரு காலையில் அந்நாட்டு வெளியுறவுச் செயலர் மிடுக்காக வந்து நின்றார்.

"போலந்து என்று இப்போது ஒரு நாடே கிடையாது. சாவியையும் முத்திரையையும் ஒப்படைத்துவிடுங்கள்."

"தருகிறேன். யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்றார் ஸெனோன்.

'போலந்துத் தூதரிடமிருந்து' என்று எழுதிய செயலர், பேனாவை நிறுத்தினார்.

"இல்லாத நாட்டுக்கு ஏது தூதர்? அதை அடித்துவிடுங்கள்" என்றார் ஸெனோன் அமைதியாக. "ஆனால் அப்புறம் நான் வெறும் தனி ஆள். தனி ஆளின் பொருளை எந்தச் சட்டப்படி எடுப்பீர்கள்?"

செயலர் முகம் சிவந்து, அமைச்சரைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பதில் வர ஒன்பது நாளாயிற்று. அதற்குள் ஸெனோன் முத்திரை குத்திக் கொடுத்த பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு அகதிகள் எல்லோரும் போய்விட்டார்கள். வராந்தா காலியாகக் கிடந்தது.

முத்திரையை ஒப்படைத்த அன்று மேஜையில் ஒரே ஒரு பாஸ்போர்ட் மீதமிருந்தது. வார்சாவில் சிக்கிக்கொண்ட தன் மனைவி எப்படியும் வந்துவிடுவாள் என்று ஸெனோன் அவள் பேரில் எழுதி வைத்தது. அவள் வரவே இல்லை.