ஒரே நாள்ல எட்டு வரவு

பனங்கோட்டைன்னு ஒரு ஊரு. அதுக்கு ஒரு ராஜா, வீரசிகாமணின்னு பேரு. வீரமெல்லாம் பேருலதான். பல்லியப் பாத்தா சிம்மாசனத்து மேல ஏறி நின்னுக்குவாரு. அது வேற கதை, விடுங்க.

அந்த அரமனையில ஒரு வழக்கம் இருந்துச்சு. வேத்து நாட்டுத் தூதர் யாரு வந்தாங்க, என்ன பேசுனாங்கன்னு அன்னன்னைக்கு ஏட்டுல எழுதி வைக்கணும். பின்னால பேரன் பேத்தியெல்லாம் படிச்சு, நம்ம தாத்தா எம்புட்டுப் பெரிய மனுசன்னு வாயப் பொளக்கணுமாம். எழுதுற வேலை நல்லகுத்தாலத்துக்கு. நல்லா முறுக்குன மீசை. பொய் மட்டும் எழுதவே மாட்டாரு. ஒருக்கா தூதர் முன்னால ராஜாவுக்கு விக்கல் வந்துச்சு. "ராஜா விக்கினார். தூதர் முதுகில் தட்டினார்"னு அப்படியே எழுதிட்டாரு மனுசன். ராஜா ஒரு வாரம் அவரோட பேசவே இல்ல.

அங்க வைரவநாதர்னு ஒரு தானாபதி. ராஜாவுக்காக ஊர் ஊரா தூது போறவரு. போன மாசம் பக்கத்து நாடு கரிசல்கோட்டைக்குப் போயிட்டு வந்தாரு பாருங்க, அந்தக் கூத்தச் சொல்லியே ஆகணும். ஒத்தக் கால்ல செருப்பு, ஒத்தக் கால் வெறுங்காலு. மேலெல்லாம் பன்னீர் வாசம். தேனீ கூட்டமாத் தொரத்திக்கிட்டு வருது! "என்ன ஆச்சு?"ன்னு பெண்டாட்டி கேட்டா, "அரசாங்க விசயம், சும்மா இரு"ன்னு கதவச் சாத்திக்கிட்டாரு. எங்க விட்டேன்? ஆமா, ஏடு.

அந்தத் தானாபதிக்கு ஒரு மச்சான், வேலை வெட்டி இல்லாதவன். அவன ஏடு எழுதுற மணையில உக்கார வைக்கணும்னு இவருக்கு ரொம்ப நாளா ஆசை. ஒருநா ராஜா காதுல ஓதுனாரு.

"மகாராஜா, வெத்தல யாவாரி சொன்னான். கரிசல்கோட்டை ஏட்டுல ஒரே நாள்ல ஏழு தூது வரவு இருக்காம். நம்ம ஏட்டுல மாசத்துக்கு ஒண்ணு. நல்லகுத்தாலம் சரியா எழுதுறதில்லையோ என்னமோ!"

ராஜாவுக்குப் பொசுக்குன்னு பத்திக்கிச்சு. "யோவ் நல்லகுத்தாலம்! நாளைக்கு ஏட்டுல எட்டு வரவு இருக்கணும்!"

"நாளைக்கு வர்றது கரிசல்கோட்டைத் தூதர் ஒருத்தர்தானே, மகாராஜா?"

"அது எனக்குத் தெரியாது. எட்டு வேணும். ஒரு பொய்யும் இருக்கப்படாது. இல்லாட்டி உம்ம மீசைய மழிச்சிருவேன், வேலையும் தானாபதி மச்சானுக்கு!"

நல்லகுத்தாலம் வீட்டுக்குப் போயி மீசையத் தடவித் தடவி யோசிச்சாரு. ஏழு வரவு... ஒத்தச் செருப்பு... பன்னீர்... திடீர்னு கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. நேரா வாசக்காவலனப் பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்து படுத்துட்டாரு.

மறுநா கரிசல்கோட்டைத் தூதர் உமையொருபாகம் வந்தாரு. அரமனை முறைப்படி, யாரு உள்ள வந்தாலும் கொம்பு ஊதணும், பன்னீர் தெளிக்கணும், சந்தனம் பூசணும். எல்லாம் ஆச்சு. ஏரித் தண்ணியப் பத்திப் பேசிட்டு வெளிய போனாரு. வாசல்ல குடையக் காணோம்!

காவலன் சொன்னான்: "காணாமப் போன சாமான ராஜா முன்னாலதாங்க திருப்பிக் குடுப்போம். உள்ள போங்க."

உள்ள வந்தாரு. பூம்ம்ம்னு கொம்பு. பன்னீரு. சந்தனம். குடைய வாங்கிக்கிட்டுப் போனா, வெத்தலைப்பெட்டியக் காணோம். திரும்ப வந்தாரு. பூம்ம்ம்! அப்புறம் செருப்பு. அப்புறம் இன்னொரு செருப்பு. அப்புறம் அங்கவஸ்திரம். அதுக்கப்புறம் பல்லக்குத் தூக்குற ஆளையே காணோம்! அவன் மடப்பள்ளியில பொங்கலத் தின்னுட்டுக் குறட்டை விட்டுக்கிட்டிருந்தான். தூதரு மூஞ்சியில சந்தனம் அடை மாதிரி அப்பியிருக்கு. கொம்பு ஊதுறவனுக்குக் கன்னம் வீங்கிப் போச்சு.

தானாபதி குதிச்சாரு. "மகாராஜா, இது மோசடி! ஒரே ஆளு!"

"ஆளு எத்தனைன்னு நான் எழுதலையே, தானாபதி? வரவுதான் எழுதுறேன். 'தூதர் வந்தார், ஒரு செருப்பு பற்றிப் பேசினார், போனார்.' இதுல எது பொய்?"

ராஜா சிரிப்ப அடக்க வாயப் பொத்திக்கிட்டு, "எழுதும், எழுதும்"னாரு.

ஏழு ஆச்சு. எட்டாவதுக்குக் கைத்தடிய ஒளிச்சு வச்சிருந்தாங்க. தூதரு வாசல்ல நின்னு கும்பிட்டாரு. "அய்யா, அந்தத் தடி எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கங்க. ஆள விடுங்க!" விறுவிறுன்னு நடந்துட்டாரு.

ஏடு ஏழோட நின்னுச்சு. தானாபதி கைதட்டி நாவிதரக் கூப்பிட்டாரு. மச்சான் அதுக்குள்ள மணையில உக்காந்துட்டான். நாவிதரு கத்தியத் தீட்டி, மீசையில தண்ணியத் தடவுறாரு...

பூம்ம்ம்!

யாருன்னு பாத்தா, தூதரு! தானாவே மூச்சு வாங்க ஓடி வர்றாரு. முறைப்படி பன்னீர் தெளிச்சாங்க.

"மன்னிக்கணும் மகாராஜா. இந்த அமளியில வந்த வேலையில ஒண்ண மறந்துட்டேன்"னு மடியில இருந்து ஒரு செருப்ப எடுத்தாரு. "போன மாசம் உங்க தானாபதி வந்தப்ப அவர நாங்களும் ஏழு தடவை உள்ள வரவச்சோம். ஒளிச்சு வச்ச எல்லாத்தையும் குடுத்துட்டு இத மட்டும் விட்டுட்டோம். குடுத்துட்டு வரச் சொல்லி எங்க ராஜா அனுப்புனாரு."

சபையே தானாபதியத் திரும்பிப் பாத்துச்சு. ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டு விழுந்துச்சு.

"அந்த ஏழு வரவும் நீருதானா ஓய்! நல்லகுத்தாலம், இந்தாரும் முத்து மாலை. நாவிதரே, தீட்டுன கத்தி வீணாகப்படாது. தானாபதி மீசையப் பாரும்!"

நல்லகுத்தாலம் ஈர மீசைய முறுக்கிட்டு, மச்சான மணையில இருந்து எழுப்பி விட்டுட்டு, எழுத்தாணிய எடுத்தாரு. அன்னைக்கு ஏட்டுல கடைசி வரி இதுதான்:

"எட்டாவது வரவு. தூதர் வந்தார். தானாபதியின் இடது கால் செருப்பும் கூட வந்தது. முறைப்படி அதற்கும் பன்னீர் தெளித்தோம்."